மலையில ஸ்கூல் டப்பாவுக்கு என்ன ஸ்நாக்ஸ் குடுக்கலாம்? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதிலும்

நான் மேட்டுப்பாளையத்துல பொறந்து வளந்தவ, கல்யாணமாகி கோத்தகிரி வந்து 11 வருஷம் ஆச்சு. பெரியவன் அஞ்சாவது, சின்னவ யூகேஜி. டாக்டரும் இல்ல, டயட்டீஷியனும் இல்ல, தினமும் காலைல ரெண்டு டப்பா கட்டுற ஆளு அவ்ளோதான். பஸ் ஸ்டாப்ல நிக்கும்போதும் பேரன்ட்ஸ் மீட்டிங் முடிஞ்சு வெளிய வரும்போதும் மத்த அம்மாங்க கேட்ட கேள்விங்கதான் இதெல்லாம்.

யூடியூப்ல பாத்து செஞ்சா எல்லாமே சாயங்காலம் அப்படியே திரும்பி வருது, ஏன்?

ஏன்னா அந்த வீடியோ போடுறவங்க எல்லாம் சென்னையிலயோ கோயமுத்தூர்லயோ இருக்காங்க, அங்க காலைல கட்டின இட்லி பத்தே முக்காலுக்கும் வெதுவெதுன்னு இருக்கும், இங்க டிசம்பர் ஜனவரியில டப்பாவத் திறந்தா உள்ள இருக்கறது இட்லியா செங்கல்லான்னு தெரியாது. அரிசி, கோதுமை எதுவா இருந்தாலும் வெந்த மாவுச்சத்து ஆற ஆற இறுகும், குளிர் ஜாஸ்தியா இருந்தா சீக்கிரமா இறுகும், பிரெட்ட ஃபிரிட்ஜ்ல வெச்சா வறண்டு போகுதே அதே கதைதான். இன்னொண்ணு எண்ணெய். தேங்கா எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறைஞ்சிரும், நெய்யும் அப்படித்தான், வனஸ்பதியப் பத்தி கேக்கவே வேணாம். நெய் ஊத்தி மணக்க மணக்க செஞ்ச பொங்கல் பிரேக் டைம்ல மெழுகு மாதிரி வாயெல்லாம் ஒட்டும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் நம்ம ஊர் குளிருக்கு உறையாது. அதனால டப்பாவுக்குன்னு செய்யறத நான் இந்த ரெண்டுலதான் செய்யறேன், இந்த ஒரு மாத்தத்துக்கே பாதி டப்பா காலியாகி வர ஆரம்பிச்சிருச்சு.

இத நான் கண்டுபிடிச்ச கதையச் சொல்றேன். பெரியவன் ஒண்ணாவது படிக்கும்போது நெய் ரவா உருண்டை குடுத்து விட்டேன், அப்படியே வந்துச்சு, நல்லா திட்டிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அதே உருண்டைய அதே டப்பாவுல போட்டு காலைல ஏழு மணிக்கு ஜன்னல் திண்டுல வெச்சேன், பத்தே முக்காலுக்கு எடுத்து நானே கடிச்சேன். பல்லு வழுக்கிச்சு. மேல வெள்ளையா நெய் பூத்திருக்கு, உள்ள மணல் மாதிரி நறநறன்னு இருக்கு. புள்ளகிட்ட சாரி கேட்டேன். இப்ப புதுசா எது செஞ்சாலும் முதல்ல ஜன்னல் திண்டுல ஒரு பரீட்சை, பாஸானாத்தான் ஸ்கூலுக்குப் போகும்.

சரி, உங்க ஜன்னல் பரீட்சையில பாஸானது எதெல்லாம்?

முதல் மார்க் நிலக்கடலை உருண்டைக்குத்தான். ஒரு கப் கடலைய நல்லா வறுத்து தோல் நீக்கி, அரை கப் பொடிச்ச வெல்லம், ஒரு ஏலக்கா சேத்து மிக்ஸில விட்டு விட்டு ரெண்டு சுத்து சுத்தினா கடலையில இருந்து வர்ற எண்ணெயே போதும், நெய்யே வேணாம், அப்படியே பிடிச்சா சின்னதா பத்துப் பன்னெண்டு வரும். ஒரு டப்பாவுக்கு ரெண்டு.

அப்புறம் சுண்டல். கொண்டைக்கடலை எல்லா ஊருக்கும் பொது, ஆனா இங்க பட்டர் பீன்ஸ் சீசன்ல கிடைக்கிற பச்ச விதைய உரிச்சு உப்பு போட்டு வேகவெச்சு, நல்லெண்ணெயில கடுகு தாளிச்சு, கொஞ்சம் எலுமிச்ச பிழிஞ்சு குடுத்துப் பாருங்க. ஆறினா இன்னும் ருசி, வெண்ணெய் மாதிரி கரையும். எங்க பக்கத்து வீட்டு படுக அக்கா வீட்ல அவரை, பீன்ஸ் இல்லாத நாளே கிடையாது, அவங்க சொல்லித்தான் எனக்கே இது தெரியும். ஒண்ணு மட்டும், பீன்ஸ் விதைய அரைவேக்காடா குடுத்துராதீங்க, வயித்தால போகும். நசுக்கினா மாவா நசுங்கணும்.

சக்கரவள்ளிக் கிழங்கு பாஸ். வேகவெச்சு தோல உரிச்சு வட்டமா வெட்டி லேசா மிளகு உப்பு, வேலையே இல்ல. ராகி அடையும் பாஸ், ஆனா மாவ வெந்நீர் ஊத்தி பிசைஞ்சு, வெங்காயம் நிறைய போட்டு, கொஞ்சம் மெல்லிசா தட்டினாத்தான். கனமா தட்டினா செருப்புதான். 100 கிராம் ராகியில 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, பால் குடிக்க அழுவுற புள்ளைங்களுக்கு அடை குடுத்துப் பாருங்க. முருங்கைக்கீரை போட்டா இன்னும் நல்லது, இந்தக் குளிருக்கு நம்ம மலையில மரம் சரியா வராது, மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்ற கீரைதான், எங்கம்மா யார் வந்தாலும் ஒரு கட்டு குடுத்து விட்டுருவாங்க.

சப்பாத்தி ரோல் வேணும்னா மாவு பிசையும்போதே ஒரு வேகவெச்ச உருளைக்கிழங்க மசிச்சு சேத்துருங்க, ஊர் முழுக்க கிழங்குதானே. சாயங்காலம் வரைக்கும் துணி மாதிரி மெத்துனு இருக்கும்.

ஃபெயில் ஆனது: பூரி, ரவா உப்புமா, நூடுல்ஸ், தேங்கா எண்ணெயில செஞ்ச எதுவும், சீஸ் சான்ட்விச். சீஸ் சான்ட்விச் எனக்கே வருத்தம்தான்.

இட்லி மாவே புளிக்க மாட்டேங்குது, பயறும் முளைக்க மாட்டேங்குது, என்ன பண்றது?

கீழ சமவெளி மாதிரி எட்டு மணி நேரம் கணக்கெல்லாம் இங்க மறந்துருங்க. நான் உளுந்த வெதுவெதுப்பான தண்ணியில ஊறவெச்சு, ஆட்டுன மாவ கையாலயே நல்லா கலக்கி, ராத்திரி சமையல் முடிஞ்சு சூடா இருக்கற அடுப்பு மேடை ஓரத்துல கம்பளி போத்தி வெச்சுருவேன். மழைக்காலத்துல 16 மணி நேரம் கூட ஆகும். விறகடுப்பு இருக்கறவங்க கொடுத்து வெச்சவங்க.

பாசிப்பயறுக்கு ஹாட்பாக்ஸ்தான். ஊறவெச்சு வடிகட்டி ஈரத்துணியில கட்டி ஹாட்பாக்ஸுக்குள்ள போட்டு மூடி வெச்சா ரெண்டு நாள்ல முளை வரும், நடுவுல ஒரு தடவ வெதுவெதுப்பான தண்ணியில அலசிக்கோங்க. பச்சையா குடுக்க வேணாம், அஞ்சு நிமிஷம் ஆவியில வேகவெச்சுக் குடுங்க, முளைகட்டுற அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் புடிக்கும்.

கொண்டைக்கடலை வேகலன்னு சொல்றவங்களுக்கு, தப்பு உங்க மேல இல்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும், நூறுக்குப் போகவே போகாது. திறந்த பாத்திரத்துல வெச்சா நாள் பூரா வேகும். குக்கர்லதான் வெக்கணும், கீழ நாலு விசில்னா இங்க ஆறு ஏழு. முட்டை வேகவெக்கவும் ரெண்டு மூணு நிமிஷம் சேத்தி எடுத்துக்கும்.

முட்டை குடுத்தா நாத்தம் அடிக்குதுன்னு புள்ள வெக்கப்படுது?

ஓவரா வெந்தாத்தான் அந்த நாத்தம். மஞ்சக் கருவ சுத்தி பச்சையா ஒரு வளையம் தெரியுதா, அதுதான் அடையாளம். வெந்தவுடனே பச்சத் தண்ணியில போட்டு ஆறவெச்சு உரிச்சு, மிளகு தூவி தனி சின்ன டப்பாவுல வைங்க. ஒரு முட்டையில 6 கிராம் புரதம் இருக்கு, வெக்கப்பட்டு விடற விஷயம் இல்ல. எங்க வீட்ல முட்டைய அடிச்சு வெங்காயம் கேரட் போட்டு குழிப்பணியாரக் கல்லுல ஊத்திருவேன், நாலு பேர் முன்னாடி எடுத்து சாப்பிட அழகா இருக்குன்னு பெரியவன் சர்டிபிகேட் குடுத்தான்.

கேரட் தோட்டத்துக்கு நடுவுலயே இருக்கோம், ஆனா புள்ள கேரட்டத் தொட மாட்டேங்குது.

தினமும் பாக்கற பொருளுக்கு என்ன மவுசு இருக்கும் சொல்லுங்க, கீழ இருந்து டூரிஸ்ட் வந்து தழையோட கட்டு கட்டா வாங்கி ரோட்டுலயே கடிச்சுட்டுப் போறாங்க, நம்ம புள்ளைங்க மூஞ்சியத் திருப்புது. நீளவாக்குல குச்சி குச்சியா வெட்டி குடுத்தா குளிர்ல பல்லு கூசும், அதான் வேணாம்ங்குது. குச்சிய ரெண்டு நிமிஷம் ஆவியில காட்டி எலுமிச்ச உப்பு போட்டுக் குடுங்க, இல்லேன்னா துருவி உள்ள போட்டுருங்க. நான் செய்யறது கேரட் பணியாரம்: ஒரு கப் இட்லி மாவுக்கு ஒரு நடுத்தர கேரட், சின்ன வெங்காயம் அஞ்சாறு, கொத்தமல்லி, எல்லாத்தையும் நல்லெண்ணெயில ஒரு வதக்கு வதக்கி மாவுல கலந்து ஊத்தறது. வதக்காம பச்சையா போட்டா தண்ணி விட்டு பணியாரம் சொதசொதன்னு போயிரும், ஒரு வாரம் அப்படித்தான் சொதப்பினேன். எண்ணெயில வதக்கறதுல இன்னொரு லாபம், கேரட்ல இருக்கற அந்த ஆரஞ்சு சத்து (உடம்புக்குள்ள போய் வைட்டமின் ஏ ஆகறது) கொழுப்போட போனாத்தான் நல்லா ஒட்டும்.

கழுவுற மிஷின்ல பளபளன்னு கழுவி வந்த கேரட்டா இருந்தாலும் வீட்ல ஒரு தடவ தேச்சுக் கழுவி தோல சீவிருங்க. மருந்து அடிக்காத தோட்டம் எத்தன இருக்குன்னு நமக்கே தெரியும்.

இந்தக் குளிர்ல பழம் குடுத்தா சளி புடிக்காதா?

எங்க அத்தைக்கும் எனக்கும் பதினோரு வருஷமா நடக்கற பஞ்சாயத்து இது. சளி வைரஸால வருது, பக்கத்து பெஞ்சுல தும்முற புள்ளகிட்ட இருந்து வருது, கொய்யாப்பழத்துல இருந்து வரல. ஜில்லுன்னு இருக்கற பழம் தொண்டைக்குள்ள போனா கரகரன்னு இருக்கும், அது வேற விஷயம், அதுக்கு ஃபிரிட்ஜ்ல வெக்காம இருந்தா போதும். அத்தைக்கு முன்னாடி வாதாட மாட்டேன், பழத்த வெட்டி அடுப்பு பக்கத்துல பத்து நிமிஷம் வெச்சுட்டு டப்பாவுல போட்டுருவேன், அவங்களும் கண்டுக்க மாட்டாங்க.

நம்ம மலையில கிடைக்கறத முதல்ல குடுங்க. கோடை சீசன்ல பிளம்ஸ், பீச், அப்புறம் பேரிக்கா, கொய்யா, மரத்தக்காளி. பிளம்ஸ் கொட்டைய எடுத்துட்டு வைங்க. பேரிக்கா, ஆப்பிள் வெட்டி வெச்சா கறுக்கும், உப்புத் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தா கறுக்காது. பட்டர் ஃப்ரூட் நம்ம மரத்துலயே சீசனுக்கு கொட்டுது, அத ஷேக் போட்டு சக்கரைய அள்ளிக் கொட்டறாங்க, அதுக்கு பதிலா மசிச்சு எலுமிச்ச, உப்பு, மிளகு போட்டு சப்பாத்திக்குள்ள தடவிக் குடுங்க, வெண்ணெய் தேவையே இல்ல, அதோட இது குளிர்ல உறையாது. பழனி மலைப் பக்கம் இருக்கறவங்களுக்கு விருப்பாச்சி மலைவாழை இருக்கு, தோலு தடிச்சு இருக்கும், பைக்குள்ள நசுங்கறது கம்மி, மணமும் கெட்டியான சதையும் தனி. எங்க சொந்தக்காரங்க கொடைக்கானல்ல இருந்து வரும்போது கொண்டு வந்தா ரெண்டு நாள்ல சீப்பு காலி.

காலைல டீயும் வர்க்கியும் (நம்ம ஊர் பேக்கரி மொறுமொறு பிஸ்கட்) சாப்பிட்டுத்தான் புள்ள போகுது, அப்புறம் ஸ்நாக்ஸ்ல என்ன குறை வந்துரப் போகுது?

டீத் தோட்டம் சோறு போடற ஊர்ல இத சொன்னா அடிக்க வருவாங்க, ஆனாலும் சொல்றேன். டீயில இருக்கற துவர்ப்பு, சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்த உடம்புல சேர விடாது, அதுவும் கீரை, பயறு, ராகியில இருந்து வர்ற இரும்புச்சத்த ரொம்பவே தடுக்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல நம்ம நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்கள்ல 67 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு வந்திருக்கு. நாம டப்பாவுல கஷ்டப்பட்டு வெக்கற சத்த டீ புடுங்கிட்டுப் போகக் கூடாது இல்லையா. சின்னப் புள்ளைக்கு டீயே வேணாம், குடிச்சுத்தான் ஆவேன்னு அழுவுற பெரிய புள்ளையா இருந்தா சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க. இதுக்கு நேர் எதிர் கொய்யா, நெல்லிக்கா, எலுமிச்ச. அதுல இருக்கற வைட்டமின் சி இரும்புச்சத்த இழுத்துக் குடுக்கும், அதான் சுண்டல்ல எலுமிச்ச பிழியச் சொன்னேன்.

வர்க்கியப் பத்தி. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, எனக்கும் உயிர்தான், மழை பெய்யற சாயங்காலம் சூடா டீயில முக்கி சாப்பிடற சுகம் வேற எதுலயும் வராது. ஆனா அது மைதாவும் கொழுப்பும், தினமும் டப்பாவுக்குப் போற சாமான் இல்ல. வாரத்துல ஒரு நாள் குடுக்கறதால எதுவும் ஆகாது. ஹோம்மேட் சாக்லேட்டும் அதே கணக்குதான், வீட்ல செஞ்சதுன்னு பேர் வெச்சா சக்கரை குறைஞ்சிராது.

பாக்கெட்ல ஹெல்தின்னு போட்டு விக்கறாங்களே, ராகி பிஸ்கட், மல்டிகிரெய்ன் சிப்ஸ், அது?

பாக்கெட்ட முன்னாடி பாக்காதீங்க, பின்னாடி திருப்புங்க. சேத்த பொருள் எல்லாம் எடை ஜாஸ்தி உள்ளதுல இருந்து வரிசையா போட்டிருக்கும், அது சட்டம். முதல்ல மைதா, ரெண்டாவது சக்கரை, மூணாவது பாமாயில், கடைசில ராகின்னு இருந்தா அது மைதா பிஸ்கட், ராகி சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு. பால்ல கலக்கற பவுடரும் அப்படித்தான், 2024 ஏப்ரல்ல மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைங்கள கூப்பிட்டு இந்த மாதிரி பானத்த எல்லாம் ஹெல்த் ட்ரிங்க்னு போட்டு விக்காதீங்கன்னு சொல்லிருச்சு. கொழுப்பு, உப்பு, சக்கரை அதிகமா இருக்கறத ஸ்கூல் கேட்டுல இருந்து 50 மீட்டருக்குள்ள விக்கக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதி 2020-லயே வந்தாச்சு. எங்க வீதி முக்குல இருக்கற கடைக்கு அது இன்னும் போய்ச் சேரல.

எம்புள்ள அரசுப் பள்ளி, காலைலயும் மத்தியானமும் அங்கயே சாப்பாடு, தனியா ஸ்நாக்ஸ் வேணுமா?

ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரைக்கும் முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்துல உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சூடா குடுக்கறாங்க, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, மத்தியானம் சத்துணவுல முட்டையும் உண்டு. அதனால பத்தே முக்கால் பிரேக்குக்கு பெருசா தேவையில்ல, ஒரு பழம் போதும். இவங்களுக்கு இடிக்கறது சாயங்காலம். நாலு மணிக்கு ஸ்கூல் விட்டா, ஹட்டிக்கு, அதான் படுகர் கிராமத்துக்கு, போற பஸ் எப்ப வருதோ அப்பத்தான், வீட்டுக்குப் போய்ச் சேர ஆறு கூட ஆகும், அந்தப் பசியில நேரா கடைக்குப் போய் அஞ்சு ரூபா பாக்கெட் வாங்குதுங்க. ரெண்டு கடலை உருண்டைய சாயங்காலத்துக்குன்னு சொல்லி பையோட உள் ஜிப்புல வெச்சு விடுங்க, அது ஒரு வாரம் ஆனாலும் கெடாது.

எவ்வளவு குடுக்கணும்?

புள்ளையோட கை ஒரு பிடி. பிரேக் பத்துப் பதினஞ்சு நிமிஷம், அதுல பாத்ரூம் போகணும், விளையாடணும். நிறைய வெச்சா மத்தியானச் சோறு திரும்பி வரும்.

கடலை எல்லா புள்ளைக்கும் குடுக்கலாமா?

அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா முழுக் கடலை, முழு முந்திரி, பாதாம் வேணாம், தொண்டையில மாட்டிக்கும், பொடிச்சு உருண்டையாத்தான் குடுக்கணும். திராட்சையும் நீளவாக்குல நாலா வெட்டிருங்க. கடலை சாப்பிட்டு உதடு வீங்கறது, தடிப்பு வர்றது, மூச்சு இழுக்கறது இருந்தா உடனே ஆஸ்பத்திரி, அதுக்கப்புறம் கடலைய வீட்டுப் பக்கமே சேக்காதீங்க, டீச்சர்கிட்டயும் சொல்லி வைங்க. சின்னவ கிளாஸ்ல ஒரு புள்ளைக்கு ஆகாதுன்னு டீச்சர் சொன்னதுல இருந்து நான் அவளுக்கு மட்டும் கடலைக்கு பதிலா பொட்டுக்கடலை உருண்டை. கடலையில வர்ற எண்ணெய் இதுல வராது, அதனால வெல்லத்த கொஞ்சம் தண்ணியில பாகு காச்சி ஊத்திப் பிடிக்கணும்.

நான் ஏழு மணிக்கே தோட்டத்துக்குக் கிளம்பணும், இதெல்லாம் எப்ப செய்யறது?

நியாயமான கேள்வி. எனக்கு இருக்கற டைம் உங்களுக்கு இல்ல, அதனால பணியாரம் ரோல் எல்லாத்தையும் விட்டுத் தள்ளுங்க. ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம்: கடலை உருண்டை ஒரு டப்பா, வறுத்த பொட்டுக்கடலையும் அவலும் கறிவேப்பிலையும் போட்டு மிக்ஸர் மாதிரி ஒரு டப்பா. தினமும் ராத்திரி குழம்புக்கு குக்கர் வெக்கும்போது மேல தட்டுல ரெண்டு சக்கரவள்ளியோ ஒரு கைப்பிடி பட்டர் பீன்ஸோ சேத்து வெச்சுருங்க. காலைல வேலை டப்பாவுல எடுத்துப் போடறது மட்டும்தான், அதையும் எட்டு வயசு புள்ளையே செய்யும், என் பெரியவன் செய்யறான், தங்கச்சிக்கு ஒரு உருண்டை கம்மியா வெப்பான் அவ்ளோதான்.

எந்த டப்பா நல்லது?

எவர்சில்வர், கிளிப் போட்டு இறுக்க மூடறது. மூடி லூசா இருந்தா வேணாம், அதுக்குக் காரணம் குரங்கு. போன வருஷம் பஸ் ஸ்டாப்புல சின்னவ டப்பாவ பிளாஸ்டிக் கவர்ல போட்டு கையில வெச்சிருந்தா, கவர் சரசரன்னு சத்தம் கேட்டதும் மேல மரத்துல இருந்து ஒண்ணு இறங்கி ஒரே புடுங்கு, சுவத்து மேல உக்காந்து மூடிய நிதானமா திறந்து கடலை உருண்டை ரெண்டையும் சாப்பிட்டுட்டு கொய்யாத் துண்ட மட்டும் கீழ போட்டுருச்சு. இவ அழுததே கொய்யாவ அதுகூட சாப்பிடலன்னுதான். அன்னில இருந்து டப்பா துணிப்பைக்குள்ள, துணிப்பை ஸ்கூல் பைக்குள்ள. கவர் எப்படியும் நம்ம மாவட்டத்துல தடைதான். மிஞ்சினத பஸ் ஸ்டாப்புல கொட்டாம வீட்டுக்கே கொண்டு வரச் சொல்லிருக்கேன், பகல்ல குரங்குன்னா ராத்திரி அந்த வாசனைக்கு கரடி வருது.